சனிக்கிழமை நுழைத்த பெயர்கள்

ஜூன் 12, திங்கள்
காலையிலிருந்து மழை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் குளிர் வேறு. இரண்டு கோப்பி குடித்தும் விரல் விறைப்பு போகவில்லை.

மேட்ரன் அம்மாவே நேரில் வந்துவிட்டார். கையில் சனிக்கிழமை நான் அச்சடித்துக் கொடுத்த பட்டியல். இங்கிலாந்தில் இரண்டு வருடப் பயிற்சிக்குத் தகுதியான நர்ஸ் மிஸ்ஸிகள், 11 பேர்.

"கமலா பேரு எங்க தம்பி? அப்ளிகேஷன் பாரம் குடுத்திருக்கா, பரீட்சையும் பாஸ். உன் மிஷின் கண்ண மூடிக்கிச்சா?"

பார்க்கிறேன் என்றேன். ஃபெர்ரியில் என்னோடு வரும் மிஸ்ஸி ரீத்தாவின் பெயரும் இல்லை. அவர் கவனிக்கவில்லை. நான் சனிக்கிழமையே கவனித்தேன். பிழை என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் என் யோக்கியதை.

ஜூன் 13, செவ்வாய்
வெயில். கடைவாய்ப் பல் வலி.

மிஷின் கோப்பிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கமலா இருக்கிறாள். ரீத்தா இருக்கிறாள். தேறியவர்கள் 19 பேர். தேறியவர்கள் யார் என்று மிஷினைக் கேட்டால் மட்டும் 11. நிபந்தனையை மூன்று விதமாக மாற்றி எழுதினேன். 11. 11. 11.

விடுபட்ட எட்டுப் பேரைத் தாளில் எழுதினேன். எட்டும் சனிக்கிழமை நுழைத்த பாரங்கள். நுழைத்தவன் நான்.

ஜூன் 14, புதன்
புரிந்துவிட்டது. மிஷின் கோப்பு முழுவதையும் புரட்டுவதில்லை. இன்டெக்ஸ் என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் பெயர்களை எடுக்கிறது. அதில் ஏறாத ஆள் இல்லாத ஆள். இன்டெக்ஸைத் திறந்து வைத்துத் தட்டினால் ஒவ்வொரு பாரத்துக்கும் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமையோ அரைநாள். ரீத்தா நிபோங் திபால் வீட்டுக்குப் போக ஒரு மணி ஃபெர்ரி ஏறுவாள். அதே ஃபெர்ரியில் நானும். அக்கரை பட்டர்வொர்த்தில் அத்தை இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தையாவது ஒன்றாவது. அவளை பஸ் ஏற்றிவிட்டு அடுத்த ஃபெர்ரியில் திரும்பி வருவேன். அவள் பக்கத்தில் நிற்கும் அந்த இருபது நிமிடத்துக்காக இன்டெக்ஸை மூடிவிட்டு வேகவேகமாகத் தட்டினேன். பிறகு புதுப்பிக்க மறந்தேன்.

மாலை மேட்ரன் மறுபடியும்: "கமலா பேர மட்டும் கையால எழுதிக் குடு, போதும் லா. நாளன்னிக்கு லிஸ்ட்டு தேர்வு போர்டுக்குப் போகணும்."

போதுமாம். எனக்கும் போதும். ரீத்தா இங்கேயே இருப்பாள்.

ஜூன் 15, வியாழன்
செய்ய வேண்டியவை: பிரிண்டர் ரிப்பன். டோபியிடம் சட்டை. பல் டாக்டர். இன்டெக்ஸ்.

கேண்டீனில் பக்கத்து மேசையில் ஒரு மிஸ்ஸி, கண்ணெல்லாம் சிவந்து. "என் பேரு வரலயாம் கா. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க." அவளும் அந்த எட்டில் ஒருத்தி. மீ கோரேங் நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பிற்பகல் இன்டெக்ஸைப் புதுப்பித்தேன். நாலே நிமிடம். கேட்டேன்: 19. பதினான்காவது பெயர் ரீத்தா. பிரிண்டரிலிருந்து பட்டியலைக் கிழித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "கெட்டிக்காரன்" என்றார் மேட்ரன்.

இரண்டு வருடம். அவளைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்? அவள் எனக்கு வேண்டும். இங்கேயாவது எழுதிவிட்டேன்.

ஜூன் 16, வெள்ளி
போர்டு ஆறு பேரை எடுத்துவிட்டது. ரீத்தா உண்டு. செப்டம்பரில் பயணம். பல் பிடுங்கியாகிவிட்டது.

ஜூன் 17, சனி
மேகமூட்டம். ஃபெர்ரியில் கூட்டம். வாழ்த்துச் சொன்னேன். ரீத்தா பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொன்னாருன்னுதான் பாரம் போட்டேன். மொத லிஸ்ட்ல என் பேரு இல்லன்னதும் எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? சனிக்கெழம சனிக்கெழம இப்படியே போயிக்கிட்டு இருக்கலாம்னு நெனச்சேன். நீங்கதான் விடாம தேடிக் கண்டுபுடிச்சீங்கன்னு மேட்ரன் சொன்னாங்க. ஏங்க?"

"இன்டெக்ஸ் கோளாறு" என்றேன்.

"ஓ" என்றாள். பட்டர்வொர்த் வந்துவிட்டது.