வெந்நீர்த் தகராறு

டிசம்பர் 9, திங்கள்

மொட்டை மாடி சோலார் ஹீட்டர் இன்றும் காலை வாரிவிட்டது. ஒரே டேங்க், இரண்டு வீடு. மாடியில் வீரபாகு அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். நடுவே மோட்டார் வைத்த ஒரு வால்வு. டைமர் சொல்கிறபடி திரும்பி, விடிந்ததும் மாடிக்கும், அப்புறம் எங்களுக்கும் அது வெந்நீர் விட வேண்டும். இன்று என் முறையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். தலை நிறைய சோப்பு. மார்கழி இன்னும் பிறக்கக்கூட இல்லை.

என் மனைவி சந்தனச்செல்வி குளியலறைக்கு வெளியே நின்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். “உங்க மதினிதான் மேல போயி திருப்புதாவ. சத்தம் கேட்டுச்சு.”

டிசம்பர் 11, புதன்

இன்று நேர்மாறு. அண்ணன் முறையில் எங்கள் குழாயில் ஆவி பறக்கிறது. நியாயப்படி மூடியிருக்க வேண்டும். “வந்ததை ஏன் விடணும்?” என்றாள் இவள். இருவரும் குளித்தோம். நான் மறுபடியும் ஒரு தடவை குளித்தேன் — தேவையே இல்லை. மேலே அண்ணன் அலறினார். பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மதினிக்கும் இவளுக்கும் பேச்சு நின்றுவிட்டது. சாயங்காலம் அண்ணன் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஏலே, பாகம் பிரிச்சிருவோம். ஒன் தண்ணி ஒனக்கு, என் தண்ணி எனக்கு.”

நானும் வீராப்பாக, “சரிண்ணே.”

அப்பா போன பிறகும் பிரிக்காத வீடு. ஒரு குழாய்க்காகவா? எனக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

டிசம்பர் 14, சனி

மதினியைக் கையும் களவுமாகப் பிடிக்க, விடியுமுன் மொட்டை மாடிக்குப் போய் டேங்குக்குப் பின்னால் பதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் பதுங்கியிருந்தார். குரங்குக் குல்லாவில் அண்ணன்.

“களவாணிப் பயலே, மாட்டிக்கிட்டியா!”

“நீங்க எதுக்குண்ணே இங்கன உக்காந்திருக்கீய?”

“ஒன்னப் பிடிக்கத்தாம்ல!”

இருவரும் கத்திக்கொண்டிருக்கையில் வால்வு மோட்டார் ‘கிர்ர்ர்’ என்றது. யாரும் தொடவில்லை. டைமர் வேலை. ஆனால் வால்வின் மேல் திசை காட்டும் முள் அசையவே இல்லை.

அண்ணன் குரல் இறங்கிவிட்டது. “ஏலே... இது ஓடுது. ஆனா திரும்ப மாட்டக்கு.”

கரண்டை நிறுத்தி, மோட்டாரைத் தனியே கழற்றினோம். வால்வுத் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. அப்படியானால் வால்வில் கோளாறு இல்லை. மோட்டார் மூடியைத் திறந்தோம். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் பொக்கை வாயாக இருந்தது. ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் வழுக்கும். மதினி, அண்ணன், நான் — மூன்று பேருமே நிரபராதிகள்.

“இந்தப் பல்லுக்காகவாலே நாம வீட்டப் பிரிக்கப் பாத்தோம்?” என்றார் அண்ணன். சிரித்துச் சிரித்து, குல்லாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

இவள் மதினியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மீன் விலையைப் பற்றி வெகுநேரம் பேசினாள். இரண்டும் ஒன்றுதான்.

டிசம்பர் 22, ஞாயிறு

புது மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதுவரை வால்வைக் கையால்தான் திருப்பியாக வேண்டும். விடிந்ததும் அண்ணனும் நானும் மேலே போகிறோம். ஒருவர் திருப்ப, இன்னொருவர் மேற்பார்வை. இதற்கு ஓர் ஆள் போதும் என்று இருவருமே சொல்லவில்லை. மதினி காப்பி கொடுத்தனுப்புகிறார். தூரத்தில் துறைமுகத்தில் தெரியும் கப்பல்களைக் காட்டி, எது எந்த நாடு என்று அண்ணன் அடித்துவிடுகிறார். எல்லாம் தப்பு. நான் ஷிப்பிங் ஆபீசில்தான் வேலை பார்க்கிறேன். திருத்துவதில்லை.

ஜனவரி 4, சனி

மோட்டார் போன வாரமே ஆபீஸ் முகவரிக்கு வந்துவிட்டது. என் மேசை டிராயரில் கிடக்கிறது.

காலையில் அண்ணன் கேட்டார்: “ஏலே, அந்த மோட்டார் வந்துட்டா?”

“இல்லண்ணே.”

“நேத்து கடைக்காரனுக்குப் போன் போட்டேன். போன வாரமே குடுத்தாச்சுன்னு சொல்லுதான்.”

நான் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பிளையரை எடுத்து வால்வை மெதுவாகத் திருப்பினார்.

“பொய் சொல்லுதான் போல. சரி, நாளைக்கு வரும்போது முறுக்கு எடுத்துட்டு வா.”