முதுகில் சாயமில்லாத பால்காரி

இன்று காலை எழுந்ததும் அடுப்படிக்குப் போகவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து உன் பீங்கான் பால்காரிப் பொம்மையை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். சாயங்காலத்துக்குள் இவளைக் காகிதத்தில் சுற்றித் தரவேண்டும் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அவருடைய மேலதிகாரி சுசீந்திரத்தில் புதுவீட்டில் குடியேறியிருக்கிறார். "வெள்ளக்காரன் வீட்டுச் சாமானாக்கும். இதக் குடுத்தா என் பேரு அவருக்கு மறக்காது" என்கிறார் இவர்.

அடுத்த மாதம் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்கின்றன. சர்க்கார் உத்தியோகஸ்தர்களில் யார் இங்கே, யார் திருவனந்தபுரத்துக்கு என்ற பட்டியல் அந்த அதிகாரியின் கையில் இருக்கிறது. என் கணவரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

நாற்பத்தேழில் பங்களா மதாம்மா கப்பலேறுமுன் வீட்டுச் சாமான்களை விற்றார். நீ வாத்தியாராக இருந்த பள்ளி விட்டதும் நாம் இருவரும் போனோம். எல்லோரும் கட்டிலையும் மேசையையும் சுற்றி நிற்க, நீ இதன்முன் நின்றுவிட்டாய். ஒரு பசு, பக்கத்தில் பால் கறப்பவள், பின்னால் பூத்த மரம். திருப்பினால் முதுகு வெறும் வெள்ளை. மதாம்மா கூச்சத்தோடு சொன்னார்: நூறு வருஷத்துக்கு மேல் பழையது, ஆனால் பிரபுக்கள் இதை வைக்கமாட்டார்கள். உயர்ந்த பீங்கானுக்கு வசதியில்லாத கடைக்காரர்களும் வாத்தியார்களும் வாங்கிச் சுவரோடு ஒட்டி வைப்பார்கள். முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

"அப்பம் இது வாத்தியாருக்கு உள்ளதாக்கும், ஏட்டி!" என்று என் கையைக் கிள்ளினாய்.

அதை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தால், உன் அண்ணன் விடவில்லை. "இது எத்தன நாழி பால் கறக்கும்? ஒரு வெங்கலப் பான வாங்கியிருக்கப்பிடாதா?"

"பானன்னா நாளைக்கே அடகுக் கடைக்குப் போவும் அண்ணே. இத எவனும் எடுக்கமாட்டான்லா."

நானும் சேர்ந்து சிரித்தேன். கொட்டாரம் ஊரில் இருந்த என் வீட்டுக்கு நடக்கும்போதுதான், உன் வளையல்கள் இரண்டு முறை உன் அண்ணனின் விதைநெல்லுக்காக அடகுக்குப் போனது நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் சரித்திரம் படித்த நான், அரசர்கள் வைத்திருந்ததைத்தான் பார்க்கத் தகுந்ததென்று நினைத்திருந்தேன். சம்பளம் வாங்கும் ஒருத்தி, எதற்கும் உதவாத ஒன்றைப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே வாங்கலாம் என்று நம் தெருவுக்குக் காட்டியவள் நீ. உன் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது. போன வருஷம் நீ எழுந்திருக்காத அந்தக் கடைசிப் படுக்கையிலிருந்து இதை என்னிடம் நீட்டியபோது, "பத்திரமா வச்சிக்கோன்னு சொல்லமாட்டேன். ஆசையா வச்சிக்கோ" என்றாய்.

என் கணவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிறார். நான் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பது என் கல்யாணத்து வெள்ளித் தாம்பாளம். அதிகாரி அதன் எடையைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். பட்டியலில் திருவனந்தபுரம் என்றே வந்தாலும், இவரோடு நான் போவேன், பால்காரியைத் தரமாட்டேன். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.