தொட்டியில் மிதந்த நெய்

நைனா,

பக்கத்து வீட்டம்மா திருமலைக்குப் போய்வந்து இன்று காலை லட்டு கொடுத்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே நெய்யும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசம் கூடம் முழுக்க வந்துவிட்டது. உடனே என் கை என்ன செய்தது தெரியுமா? டிஷ்யூ பேப்பரைத் தேடியது. பிரசாதம் வந்தால் ஊரில் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் மீன்தொட்டியைத் துடைக்கத் தோன்றுகிறது. எல்லாம் உன்னால் வந்த வினை.

அம்மா போன பிறகு நகரி வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு திருப்பதிக்கு வந்தாய். பொழுது போகவில்லை என்று டீக்கடைக்குக் கிளம்புவாய். அங்கே சர்க்கரை போட்ட டீ, கூடவே மைசூர்பாகு. உன் சர்க்கரை ஏறியதற்கு டாக்டர் என்னைத்தான் திட்டினார். உன்னை வீட்டில் உட்கார வைக்கத்தான் அந்த நீல ஃபைட்டர் மீனை வாங்கி வந்தேன்.

வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாய். "இன்னொண்ணு வாங்கும்மா. ஒத்தையில எப்டி இருக்கும்?"

"ரெண்டு விட்டா ஒண்ண ஒண்ணு கடிச்சிக் கொன்னுடும் நைனா" என்றேன். நம்பினாயா? ஷேவிங் கண்ணாடியைக் கொண்டுவந்து தொட்டியோரம் சாய்த்துவைத்தாய், துணைக்காம். அது நாள் முழுக்கச் செவுளை விரித்துக்கொண்டு தன்னோடு தானே சண்டை போட்டுக் களைத்துப்போனது. நீயோ, "பாரு, எப்டி வெளையாடிக்கினு கீது" என்று சிரித்தாய்.

குளோரின் போகட்டும் என்று நான் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரில் கால் கழுவினாய். மீனுக்கு நல்லது என்று ஊறப்போட்ட பாதாம் இலையில் தண்ணீர் டீ நிறமாக மாறியபோது, "எனுக்கு சக்கர இல்லாத டீ, இதுக்குப் பாலும் இல்லியா?" என்றாய். அதற்குக் கொஞ்சம் குருணைத் தீனி, உனக்கு ராகிக்களி. ரெண்டு பேரையும் நான் ஜெயிலில் போட்டுவிட்டதாகப் போன் பேசுகிறவர்களிடமெல்லாம் புகார். அந்த மீனிடம் தெலுங்கில்தான் பேசுவாய். "ரா நாயனா, ரா" என்று, வாப்பா வா என்பதுபோல. ஏன் என்று கேட்டால், திருப்பதிக் கடையில் வாங்கினது, அதுக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்பாய்.

ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், மீன் மேலே வந்து ஒருக்களித்துக் கிடக்கிறது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தண்ணீர் மேல் பளபளவென்று ஒரு படலம். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடுகிற ஜாதி என்று உன்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

"இன்னா போட்ட நைனா?"

"பிரசாதம்மா. வூட்ல கீற உயிருக்குக் குடுக்காம நான் மட்டும் துன்றதா?"

ஆக, நீயும் தின்றிருக்கிறாய். ஒரே கேள்வியில் ரெண்டு திருடனும் மாட்டினீர்கள். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து நெய்யை எடுத்தேன். வாய் ஓயாமல் திட்டினேன். நீ பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "சாமி நெய்யி இன்னா பண்ணிடும்?" என்றாய். பொழுது சாயும்போது மீன் தேறி நீந்தியது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல."

"அதுக்கு ஆகல. உனக்கு?" என்றேன். அழுகை வந்துவிட்டது. நீ உள்ளே போய் லட்டு டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். அதில் தூள்தான் மிச்சம்.

அதோடு விட்டாயா? அதற்கப்புறமும் உன் சட்டையைத் துவைக்கப் போட்டால் பையிலிருந்து லட்டுப் பூந்தி உதிர்ந்தது. பிறகு காலில் அந்தப் புண் வந்தது, ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "மீனுக்கு யாரு போடறாங்க?" என்று கேட்டாயே ஒழிய, மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டதில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, நைனா. அந்த மீனுக்கு வேறு வழி இல்லை, நான் போட்டதைத் தின்றது, இன்னும் இருக்கிறது. உனக்கு வழி இருந்தது.

இன்றைக்குத் தொட்டியருகே போய் "ரா நாயனா" என்றேன். ஆமாம், நானும் இப்போது அதோடு தெலுங்குதான் பேசுகிறேன், சிரிக்காதே. வந்தது. குருணையைப் போட்டுவிட்டு லட்டை உடைத்தேன். பிரசாதம் வந்தால் உனக்குக் கொடுக்கிற அளவாக, கை பழக்கத்தில் ஒரு ஓரத்தை நகத்தளவு கிள்ளி, "அவ்ளோதான் நைனா, இதுக்கு மேல கெடையாது" என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

கிள்ளிய துண்டு இன்னும் என் கையில் இருக்கிறது. எங்கே வைப்பது என்று நீயே சொல். தொட்டியில் மட்டும் போடமாட்டேன்.