அப்பா தொடாத கிண்ணம்

ஹா பகேங்,
மொகோட்லொங் மலை.
ஜூன், பனி விழுந்த மறுநாள்.

அன்பு மகன் லெபூசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் அமைதி நிலைக்கட்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், நீ போனை எடுப்பதில்லை. அதனால் இதை வேன்காரன் கொவாலியிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் அப்பா அடுப்புப் பக்கம் படுத்திருக்கிறார். மாவு கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவரைச் சிறு வயதில் மாடு மேய்க்க அனுப்பியதும் என்னைப் பள்ளிக்கு அனுப்பியதும் இன்றைக்குத்தான் உதவுகிறது.

பனி இந்த வருடம் குளிர்காலம் தொடங்கியதுமே வந்துவிட்டது. ஓர் ஆட்டுக்குட்டி விறைத்துச் செத்தது. மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

உன்னோடு வேலை பார்த்த மசூபா போன மாதம் வந்தான். வாசலில் நிற்கும்போதே பீர் வாடை. ஈஸ்டர் முடிந்து நீ திரும்பிப் போன அன்று சுரங்க வாசலில் மூத்திரம் சோதித்தார்கள், கஞ்சா இருப்பதாகக் காட்டியது, நீ தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தும் வெளியே தள்ளிவிட்டார்கள் என்றான். அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, நீ சொல்லச் சொன்னதாக அதையும் சொன்னான். “அப்பாவோட கிண்ணந்தான் என் சோத்துல மண்ணைப் போட்டுடுச்சுன்னு சொல்லிடுடான்னான்.”

நீ அப்படிச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. வேலை போன வயிற்றெரிச்சலில் யாரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அன்றிலிருந்து உன் அப்பா அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை.

அவர் முதுகு உனக்குத் தெரியும். பாறை விழுந்து நொறுங்கியபோது நீ என் வயிற்றில் இருந்தாய். நெஞ்சிலும் சுரங்கத் தூசி அடைத்துக்கொண்டதால் அவரால் புகைக்க முடியாது. அதனால்தான் தொழுவத்துக்குப் பின்னால் நாலு கஞ்சாச் செடி வளர்த்து, பூவை ஆட்டுக்கொழுப்பில் காய்ச்சி, புளித்த சோளக்கூழில் கலந்து கொடுத்து வந்தேன். அதைக் குடித்தால் வலி போய்விடாது. ஆனால் வலியோடு ஒரு மனுஷனாக உட்கார்ந்து ஆட்டை எண்ணுவார், என்னைக் கிண்டல் செய்வார், தூங்குவார்.

நம் வீட்டு வழக்கத்தை நீயே யோசித்துப் பார். சுரங்கத்துக்குப் போன மகன் வீடு திரும்பினால், தன் தட்டைத் தொடுமுன் அப்பாவின் கிண்ணத்தில்தான் முதலில் வாய் வைக்க வேண்டும். உன் தாத்தா அவருக்குக் கொடுத்தார், அவர் உனக்குக் கொடுத்தார். ஈஸ்டருக்கு நீ வந்து அதைக் குடித்தபோது நான் தொழுவத்தில் இருந்தேன். நீ கசக்கிறது என்றாயாம், “கெழவன் கூழு கசக்காம இனிக்குமாடா?” என்று சிரித்தாராம். அவருக்கு அது உப்பு மாதிரி, மருந்து என்ற நினைப்பே போய்விட்டது. அவர் காலத்தில் சுரங்க வாசலில் தங்கம் திருடினானா என்று வாயைத் திறந்துதான் பார்த்தார்களாம். நாலு வாய்க் கூழ் உடம்பில் அத்தனை நாள் தங்கி மகனைக் காட்டிக்கொடுக்கும் என்று இந்த மலையில் யாருக்குத் தெரியும்?

அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தும் பார்த்தேன். மோந்து பார்த்துவிட்டு நாய்க்கு ஊற்றினார். அது மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. “என் பிள்ளை வாயில இருந்ததைப் புடுங்கித் தின்னுட்டு நான் தூங்கணுமாடி?” என்று கேட்கிறார். கிளினிக்கில் வெள்ளை மாத்திரைதான் இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் ரத்தமாக வாந்தி எடுக்கிறார். நர்ஸம்மா என் காதோடு சொன்னாள், “பழையதையே குடு அக்கா, நான் பாக்கல.” கீழே பள்ளத்தாக்கில் கம்பெனிக்காரர்கள் முள்வேலி போட்டு இதே செடியை வளர்த்து, யாரோ ஊரில் யாருடைய வலிக்கோ விமானத்தில் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு லைசென்ஸ் இருக்கிறது. என் நாலு செடிக்குப் போலீஸ் வரும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மகனே, நிலைமை மோசம். கத்தக் கூடாது என்று கம்பளியின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடக்கிறார். நல்ல கம்பளி அது, நீ முதல் சம்பளத்தில் வாங்கியது. கிழிந்துவிட்டது. நேற்று என்னைக் கூப்பிட்டு, “கம்பளிய மூஞ்சி வரைக்கும் இழுத்து உட்டுட்டு நீ கொஞ்சம் வெளியில போயிரு” என்றார். நான் போகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் அவரைத் தனியே விட்டுத் தண்ணீர் எடுக்கப் போகவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சொல்லிக் கேட்கமாட்டார். பாதிரியார் சொல்லியும் கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டும். உனக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும். அந்தக் கோபத்தையும் கொண்டு வந்து என்னிடம் காட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். வேலை இல்லை, வெறுங்கையோடு எப்படி வருவது என்று நினைக்காதே. கொவாலி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான், முன் சீட்டை உனக்கு விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வந்ததும் கிண்ணத்தை உன் கையால் எடுத்து அவரிடம் கொடு. அவர் வழக்கத்தை விடமாட்டார், முதல் வாயை உன்னிடம்தான் நீட்டுவார். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. இப்போது நீ கடந்து போக எந்தச் சுரங்க வாசலும் இல்லை. அதை வாங்கிக் குடி, லெபூசா. நீ குடித்தால்தான் அவர் குடிப்பார்.

வரும் வழியில் பனி உனக்கு இடம் கொடுக்கட்டும்.

உன் பெயரால் ஊர் அழைக்கும் உன் அம்மா,
மா லெபூசா