மயினி எழுதிய யார்டுத் திரை

என் அருமை அண்ணிக்கு, என் மயினிக்கு,

அண்ணன் இப்போது ரசம் நன்றாகவே வைக்கிறான். நம்ப மாட்டீர்கள். பாப்பா சாப்பிடுகிறாள் என்பதால் நானும் குறை சொல்வதில்லை. ஆனால் இன்று எழுதுவது வீட்டுச் செய்தி இல்லை, உங்கள் திரையைப் பற்றி.

துறைமுகத்து கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு, ரெடிமேட் கட்டம் எதையும் நம்பாமல் நீங்களே கோடு கோடாக வரைந்து ஒரு கணினி நிரல் எழுதினீர்களே, அதில் பேய் புகுந்துவிட்டது. கிரேன் தூக்கி வேறிடத்தில் வைத்த பெட்டி, பழைய இடத்திலும் அரைகுறையாகத் தெரிந்தது. டிரைலர்க்காரர்கள் இல்லாத பெட்டிக்காகப் போய் வெயிலில் நின்றார்கள். நம் முதலாளி அண்ணாச்சி, "இந்த வாரத்துக்குள்ள சரியாவலன்னா இதத் தூக்கிட்டு வெளிய வேற ஒண்ண வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டார். அலுவலகத்தில் உங்களுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதானே?

ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தோம். எது மாறினாலும் திரை முழுவதையும் மறுபடி வரையச் சொன்னோம். பேய் போனது, ஆனால் திரை விடாமல் சிமிட்டியது. யார்டு கிளார்க் போனில், "கண்ணு பூத்துப்போச்சுக்கா. பழசே தேவல. அதுன்னா மினிமைஸ் பண்ணித் திறந்தா சரியாயிரும்" என்றார்.

அதைக் கேட்டதும் உங்கள் குரல்தான் காதில் வந்தது. "ஏளா, மூடித் திறந்தா சரியாவுதுன்னா கணக்குல தப்பில்ல. எந்த இடத்தத் திரும்ப வரையணும்னு சொல்லுதோம் பாரு, அங்கனதான் தப்பு."

உடனே உங்கள் பழைய தந்திரத்தைச் செய்தேன். ஒவ்வொரு முறை வரையும்போதும் பின்னணிக்கு வேறு நிறம்: மஞ்சள், ராமர் பச்சை, அரக்கு. ஜவுளிக்கடை என்று உங்களைக் கேலி செய்வேனே, அதேதான். ஒரு பெட்டியை நகர்த்தினேன். புது நிறம் பெட்டி இருந்த பழைய இடத்தில் முக்கால்வாசியைப் பூசிவிட்டு நின்றுவிட்டது. புது மானிட்டர்களில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டுகிறோம். பெட்டி பெரிதாகிவிட்டது, திரும்ப வரையச் சொல்லும் இடத்தின் அளவு மட்டும் பழையபடி. பெரிதாக்கும் பகுதி நீங்கள் கண்மூடிய பிறகு சேர்ந்தது. உங்கள் வரிகளில் ஒரு குறையும் இல்லை, மயினி. கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு சுத்தமாக எழுதினீர்கள்?

அளவைத் திருத்தியதும் பெட்டி சுவடில்லாமல் நகர்ந்தது. "பாத்தியளா மயினி" என்று வாய்விட்டுச் சொல்லிப் பக்கத்தில் திரும்பிவிட்டேன். அங்கே அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். மவுஸை வாங்கி அவரே இன்னொரு பெட்டியை நகர்த்திப் பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ள எழுதுனது அப்பிடியே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இந்த வேலையில் இருக்கும்வரை அதை யாரும் தூக்கிப்போட விடமாட்டேன். பாப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், அந்த ஃபைலின் முதல் வரியில் இருக்கும் அவள் அம்மாவின் பெயரை அவளையே வாசிக்கச் சொல்வேன்.

வம்பிழுக்க ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார், பாப்பாவின் அத்தை.