மலைப்பாதை ஆறு நாள் மூடியிருந்தது

சென்னை
14-08-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அபிநயா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் முட்டி வலி தேவலையா? கலையரசி அண்ணிக்கு இருமல் நின்றதா? நேற்றுப் போனில் பேசியவள் இன்று தபாலில் வருகிறாளே என்று சிரிக்காதே. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நம்மூர் விவசாயிகள் சங்கத்தின் மலை மக்காச்சோளத்தை ஏற்றிய கப்பல் கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல்தான் கப்பல் தரகு ஆபீசில் என் வேலை. கப்பலை வாடகைக்கு அமர்த்தும்போது, சரக்கு ஏற்ற ஐந்து நாள் என்று பேசினோம். அதற்கு மேல் காரைக்காலில் கப்பல் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நீங்கள் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். டெமரேஜ் என்பார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டது பதினோரு நாள். ஆறு நாள் அதிகம்.

பயப்படாதே. ஒப்பந்தத்தில் நான் அடம்பிடித்து ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மழையால் கல்வராயன்மலைப் பாதை அடைபட்டால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. "அது எந்த மலைம்மா?" என்று எங்கள் மேனேஜர் கேட்டார். நம் மலையின் பெயர் ஒரு கப்பல் காகிதத்தில் ஏறியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. "பாப்பா, வெள்ளிமல ரோட்ல பாறை வுழுந்து கெடக்குது, லாரி எறங்கல" என்று நீ சொன்ன அன்றே எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது.

என்றைக்குப் பாதை அடைபட்டது, என்றைக்குத் திறந்தது என்று உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. கப்பலின் சொந்தக்காரர் தூத்துக்குடியில் ஓர் அம்மா. கணவர் போன பிறகு இந்த ஒரே கப்பலை வைத்துத் தொழில் நடத்துகிறார். டைப் அடித்து வருவதைவிடக் கையால் எழுதியதைத்தான் அவர் நம்புவார். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
அபிநயா


எலவனாசூர்கோட்டை
18-08-2025

அன்புத் தங்கை அபிநயாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கூடப் பிறந்ததுபோல. அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. திட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஆடித் திருவிழாவுக்கு நீ வரவில்லை என்று இன்னும் புலம்புகிறாள்.

நீ கேட்டதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 5 வரை ஆறு நாள் பாதை மூடியிருந்தது. பாறை விழுந்து கிடக்கும் போட்டோ ஒன்றும் வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு விவசாயிகளின் சோளம் பாப்பா. சங்கத்துக்குத் தலைவன் என்று என்னை நம்பிக் கொடுத்தார்கள். நீ மட்டும் அந்த ஆபீசில் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்! படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே ஒரு தைரியம்தான்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அன்புச்செல்வன்


சென்னை
02-09-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கப்பல்கார அம்மா உன் கடிதத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். என் அறிக்கையோடு சேர்த்து நான் நேரில் போய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இயற்கை செஞ்சதுக்கு யாரம்மா கோவிக்க முடியும்? நீயே முன்னால நின்னு எழுதியிருக்க, பெறவு எனக்கு என்ன?" என்று அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். காரைக்காலில் ஆறு நாள் போனதால் அந்தக் கப்பல் அடுத்த சரக்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சரக்கை வேறு கப்பல் எடுத்துக்கொண்டது. மாலுமிகளுக்கு இந்த மாதச் சம்பளம் பாதிதான் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பாதை மூடியதால் நம் மலைக்காரர்கள் அரிசி பருப்புக்கு என்ன செய்தார்கள் என்றும் விசாரித்தார்.

அண்ணா, நான் திரும்பி வரும்போது ரயிலில் அண்ணி முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதை மூடியதாக நீ எழுதிய நாட்களில் எடுத்த திருவிழா வீடியோ. கரகத்துக்கு முன்னால் நீ போகிறாய், கையில் மஞ்சள் காப்பு. உனக்குப் பின்னால் பள்ளிக்கூடத் தெருவில் நம் லாரிகள் தார்ப்பாய் கட்டி நிற்கின்றன. சோளம் மலையில் மாட்டிக்கொண்டது என்றாயே, மலையிலிருந்து இறங்கி வந்து நம் தெருவிலா நின்றது?

மனசு கேட்காமல் இசைவாணிக்குப் போன் செய்தேன். என்னோடு படித்தவள், இப்போது வெள்ளிமலையில் டீச்சர். தினம் கச்சிராயபாளையத்திலிருந்து பஸ்ஸில்தான் மேலே போகிறாள். "பாறையா? அது மூணு வருஷத்துக்கு முந்திடி. இந்த ஆடியில நான் ஒரு நாள்கூட லீவு போடல" என்றாள்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். என்ன நடந்தது?

அபிநயா


எலவனாசூர்கோட்டை
07-09-2025

பாப்பா,

உன் கடிதத்தை வயலில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்கத் தைரியம் இல்லை.

பாறை விழவில்லை. காப்புக் கட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

உனக்கே தெரியும், காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரன் எவனும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. காரைக்காலுக்குப் போய் வரிசையில் நின்று சரக்கை இறக்கிவிட்டு வர ஒரு ராத்திரி ஆகிவிடும். டிரைவர், சுமை தூக்குகிறவன் எல்லாமே நம்மூர்ப் பிள்ளைகள். டிரைவர் இருசப்பனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "காப்பு கட்டிக்கினு அங்க போய்ப் படுக்கச் சொல்றீங்களே, நாளைக்கு எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்க பாப்பீங்களா?" என்று கேட்டான்.

ஆனால் தப்பு அவனுடையது இல்லை. ஆனி மாதம் கோயில் கூட்டம் நடந்தபோது கப்பல் தேதி என் சட்டைப்பையில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பூமாலை எழுந்து, "இன்னா தலைவரே, ஆடி ரெண்டாஞ் செவ்வா காப்பு கட்டிடலாமா?" என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கப்பலுக்காக ஆத்தாவைத் தள்ளிவைக்கச் சொல்ல நாக்கு எழவில்லை. கட்டிடலாம் என்றுவிட்டேன். கப்பல் என்றால் எப்படியும் பத்து நாள் பிந்தித்தான் வரும் என்று நினைத்தேன். அது சொன்ன தேதியில் வந்து நின்றது. வெளியூர் லாரி பிடித்திருக்கலாம். வாடகை இரண்டு மடங்கு கேட்டார்கள். ஏன் என்று நாற்பத்திரண்டு பேரும் என்னைக் கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் பொய் சொன்னது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? இது வெளியே வந்தால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. நீ சும்மா இருந்தால் போதும் பாப்பா.

அண்ணன்


சென்னை
11-09-2025

அண்ணா,

சும்மா இருக்கத்தான் பார்த்தேன். இரண்டு நாளாகப் பார்க்கிறேன். அந்த அம்மா உன் கடிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை, என் முகத்தைப் பார்த்துப் போட்டார். எங்கள் தொழிலில் எங்கள் சொல்தான் முதல். கப்பல் ஏன் நின்றது என்று நான் எழுதுவதை வைத்துத்தான் இரண்டு பக்கமும் பணம் கைமாறும். ஆபீசில் மற்றவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறவள், உன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அண்ணன்தானே என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நீ விவசாயிகளைக் கூட்டி உள்ளதைச் சொல். கப்பல்கார அம்மாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. நான் கேட்பது அவ்வளவுதான்.

அபிநயா


எலவனாசூர்கோட்டை
06-10-2025

என் பாப்பாவுக்கு,

இருபத்தைந்து நாளாக உனக்குப் பதில் எழுதவில்லை. எழுத முகமில்லை. கூட்டமும் கூட்டவில்லை. கடைசியில், கடிதம் எதற்கு, நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவோம் என்று போன வியாழக்கிழமை தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அண்ணியிடம் திருக்கோவிலூர் போகிறேன் என்று சொன்னேன். பார், அதிலும் ஒரு பொய்.

அந்த அம்மா என்னை உட்கார வைத்தார். அபிநயாவின் அண்ணன் என்றதும் முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "உங்க தங்கச்சி போன மாசமே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. பாதை மூடலையாம், உங்க பேருல இவளா மூடுச்சின்னு எழுதிட்டாளாம். உங்களுக்குச் சாதகமா இருக்கட்டும்னு செஞ்சேன்னா. அண்ணனுக்கு எதுவும் தெரியாதுன்னா. வேலையும் போச்சே, பாவம். நீங்க பொம்பளப் பிள்ளையத் திட்டிறாதீங்க" என்றார்.

பாப்பா, அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவன் நான், கையெழுத்து என்னுடையது என்று. டீ கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தேன். "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான்தான் சொன்னேன், என் வாயால். பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வரும்வரை யாரும் என் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றே இருந்தது.

உனக்கு வேலை போனதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. என்ன சாப்பிடுகிறாய், வாடகைக்கு என்ன செய்கிறாய்?

நேற்று உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நாலு பக்கம். டெமரேஜ் பணத்தைச் சங்கம் கட்டும், இல்லையென்றால் நான் கட்டுவேன் என்றும் எழுதியிருக்கிறேன். உன் மேனேஜருக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதையும் இதையும் ஒன்றாகவே தபால் பெட்டியில் போடுகிறேன். என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. கோபம் தீர்ந்தால் ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
அன்புச்செல்வன்


சென்னை
29-10-2025

அண்ணா,

உன் கடிதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. படித்துவிட்டு நிறைய அழுதேன். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். "போகட்டும் அண்ணா, நீ எழுதிவிட்டாயே, அதுவே போதும்" என்றுதான் ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்கு உன் கடிதம் கிடைத்ததா என்பதையும் கேட்டுச் சேர்த்து எழுதலாம் என்று நிறுத்தி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவருக்குப் போன் செய்தேன். கடிதம் எதுவும் வரவில்லை என்றார். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்கிற சாக்கில் மறுபடி கேட்டேன். வரவில்லை. நேற்று அவரே என்னைக் கூப்பிட்டார். "எந்தக் கடுதாசியம்மா நீ கேட்டுக்கிட்டே இருக்க? ஆபீசுல எல்லாத் தபாலையும் கொட்டித் தேடிட்டோம்" என்றார். புது வேலை விஷயமாக ஒரு கடிதம், தேட வேண்டாம் என்று சொன்னேன். உனக்காக அவரிடம் நான் சொன்ன மூன்றாவது பொய் அது. முதலாவது தெரியாமல் சொன்னேன்.

ஒரே பெட்டியில் போட்ட இரண்டு கடிதம். எனக்கு வந்தது வந்துவிட்டது. இருபத்து மூன்று நாள் ஆகிறது.

நான் நன்றாக இருக்கிறேன். மண்ணடியில் ஒரு லாரி ஆபீசில் பில் போடுகிறேன். வாடகை கட்டிவிட்டேன். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அந்தக் கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்று மட்டும் எனக்கு எழுதாதே அண்ணா. நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

அபிநயா