ரைஸ் குக்கர் கிடைத்த விதம்

அன்புள்ள மகன் சதீஸ்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி மதுஷாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், பதற வேண்டாம். அங்கே நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் சிக்னல் கோயில் வளைவில் மட்டும்தான் கிடைக்கிறது, அங்கே நின்று பேசினால் உனக்குக் கேட்பதற்கு முன்பே லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்டுவிடும். லுணுகலையில் கடை வைத்திருக்கும் ஸலீம் நானாவின் மகன் ஷப்ராஸ் லீவு முடிந்து இத்தாலிக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் நீ ஹோட்டல் வேலையை விடப்போகிறேன் என்றாய். மலைமேல் ஒரு பண்ணையில் காசே இல்லாமல் கூடி வாழ்கிறார்களாம், அங்கே சம்பளமும் இல்லை விலையும் இல்லை, முடிந்ததைச் செய்வார்கள், தேவையானதை எடுத்துக்கொள்வார்கள், அவர்களோடு போய்ச் சேரப்போகிறேன் என்றாய். காசில்லாவிட்டால் மனிதன் எதற்காகக் காலையில் எழுந்திருப்பான் என்று கேட்டேன். மனசிருந்தா எழும்புவான் அம்மா என்றாய், அதோடு லைன் போய்விட்டது. அன்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கைக்குத்தானே வேலை, தலை சும்மாதான் இருக்கிறது.

காசில்லாமல் வாழ்கிற ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். உன் அப்பா தோட்டத்து வேலையை விட்டுப் பேரை வெட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து முடிந்ததைச் செய்கிறார், தேவையானதை எடுத்துக்கொள்கிறார். முடிந்தது கொஞ்சம் குறைவு, தேவையானதில் குறைவில்லை. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். திருவிழா வந்தால் அதே மனிதர் கோழி கூவுமுன் எழுந்து மைக் செட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார், வாழைமரம் கட்டுகிறார், அண்டா கழுவுகிறார், ஒருவரும் ஒரு சதம் கொடுப்பதில்லை, வீட்டுக்கு வந்து மற்றவர்களெல்லாம் சோம்பேறிகள் என்று திட்டவும் திட்டுகிறார். கூரைத் தகரத்தில் ஒழுகுகிற ஓட்டையை அடைக்கச் சொல்லி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஆகவே நீ சொன்னது பாதி சரி. மனமிருந்தால் எழுந்திருப்பார்கள், எதற்கு மனமிருக்கும் என்பது மட்டும் நம் கையில் இல்லை.

இனி ரைஸ் குக்கர் விஷயம். தோட்டத்துக்குப் புதிதாக உதவி மேனேஜராக வந்திருக்கும் சின்னத்துரையிடம் நான் பரிசு வாங்குகிற படத்தை மதுஷா பேஸ்புக்கில் போட்டதும், ஒரு குக்கருக்காகவா அம்மா இந்த வயசுல இப்படி ஓடுறீங்க, இதைத்தான் நான் வேணாம்னு சொல்றேன் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாய். நான் ஓடவில்லை. என்னால் நடக்கவே முடியவில்லை. மழையில் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் மலை ஏறக்கூடாது என்றார்கள். மலை ஏறாமல் கொழுந்து எடுப்பது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னால் நீ உடனே காசு அனுப்புவாய், அல்லது டிக்கெட் போடுவாய், அதனால் மறைத்தேன்.

நாளுக்கு எடுக்க வேண்டிய கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வயிற்றுப்பிள்ளைக்காரி, நோயாளி யாராவது இருந்தால் தராசுக்குப் போகுமுன் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அவள் சாக்கில் போடுவார்களே, அதுவும் உனக்குத் தெரியும். அதை யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை, சொன்னால் ஏச்சுதான் கிடைக்கும். இதே பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு என்றதும் அடுத்தவளின் தேயிலை நிரைக்குள் புகுந்து கொழுந்தைப் பிடுங்குவார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு ரெங்கம்மா அக்காவுக்கும் எனக்கும் முன்பு ஒரு ஞாயிறு நடந்த சண்டையில் சங்கத்துத் தலைவரே வந்து விலக்கினார். திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல், அவளே வந்து என் சாக்கில் இரண்டு கைப்பிடி போட்டாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்தக் கைப்பிடி விஷயத்தை நடத்துவது ரெங்கம்மா அக்காதான். யாரும் அவளை நியமிக்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா நிற்பது போல நின்று எல்லாச் சாக்கையும் ஒரு பார்வை பார்ப்பாள், இவளுக்கு வந்துருச்சுடி, போதும், அங்க போடு என்பாள், அவ்வளவுதான். நான் விழுந்த நேரம் அவள் தன் மகளின் பிரசவத்துக்காகக் கொஸ்லந்தைக்குப் போய்விட்டாள். போதும் என்று சொல்ல ஆளில்லை. பாவம், விஜயலெட்சுமிக்கு வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்து என் சாக்கில் அள்ளிப் போட்டார்கள். அந்த மாதம் பார்த்துத்தான் புதுச் சின்னத்துரை, வேலையில் ஆர்வம் வர வேண்டும் என்று கூடுதலாகக் கொழுந்து எடுப்பவருக்குப் பரிசு என்று அறிவித்திருந்தார். ஒரு காலில் நின்று எடுத்த நான் தோட்டத்திலேயே முதலாவது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் குக்கரைக் கொடுத்து, இந்த ஆர்வத்தின் ரகசியத்தை மற்றவர்களுக்கும் சொல்லுங்க அம்மா என்றார். மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரியம்மன் துணை என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கால் சரியில்லாத ஒரு அம்மாவே இவ்வளவு எடுக்கிறார் என்றால் மற்றவர்களாலும் முடியும், ஆகவே எல்லாருக்கும் கிலோவைக் கூட்டப்போகிறேன் என்றார் சின்னத்துரை. எனக்காகப் போட்ட கொழுந்து அவர்கள் தலையிலேயே வந்து விழுகிறதே என்று அழுதேவிட்டேன். நேரே போய், ஐயா, அது என் கொழுந்து இல்லை, எல்லாரும் போட்டது என்று சொன்னேன். அவர் சிரித்தார். சம்பளக் கொழுந்தை யாரம்மா சும்மா குடுப்பாங்க, ரொம்ப அடக்கமா பேசுறீங்க என்றார்.

நல்லவேளை ரெங்கம்மா அக்கா பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, நான் நாலு நாள் இல்லேன்னா இப்படியா கூத்தடிப்பீங்க என்று எல்லாரையும் ஒரு பிடி பிடித்தாள். பிறகு, இந்த வாரம் இவள் சாக்கில் ஒருத்தியும் ஒரு இலை போடக்கூடாது என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்கு அரைப்பேர். சின்னத்துரை வந்து தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பரிசு கொடுத்தால் ஆட்களுக்கு ஆர்வம் கெட்டுப்போகிறது என்று மேலே எழுதி அனுப்பி, பரிசையும் நிறுத்தி, கிலோ கூட்டுகிற பேச்சையும் விட்டுவிட்டார். அந்த வாரம் ஒரு வீட்டிலிருந்து மாவு வந்தது, ஒரு வீட்டிலிருந்து கீரை வந்தது, அப்பா நன்றாகச் சாப்பிட்டார். கால் இப்போது பரவாயில்லை. குக்கரை மாட்டினால் லயத்தில் எல்லார் வீட்டு பல்பும் மங்கிவிடுகிறது, அதனால் அது கோயில் சாமானோடு கிடக்கிறது.

நீ அனுப்புகிற காசுக்காகத்தான் உன்னைத் தடுக்கிறேன் என்று நினைக்காதே. அதற்காகவும்தான் தடுக்கிறேன், மதுஷாவின் படிப்பு இருக்கிறது. ஆனால் காசில்லாமல் நடக்காது என்று இனி நான் சொல்ல மாட்டேன், நடந்ததைப் பார்த்துவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பண்ணையில் ரெங்கம்மா யார் என்று விசாரி. யாருக்குக் குறைகிறது, யாருக்குப் போதும் என்று பார்க்கிற ஆள் யார். அப்படி ஒரு ஆளைக் காட்டினால் போ, நான் தடுக்க மாட்டேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் என்று சொன்னார்களானால் போகாதே ராசா. ஹோட்டலில் சம்பளம் இருக்கிறது, ரெங்கம்மா இல்லை. அதனால்தான் நீ இப்படி ஒரு இடம் தேடுகிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை, ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொள். காலைச் சாப்பாட்டை விடாதே. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள், நீ போகிற இடமெல்லாம் நல்ல முகங்களாக அமையட்டும். இதோடு தேயிலைத் தூள் வைத்து அனுப்புகிற டின்னைத் தூக்கிப் போடாமல் யாராவது வரும்போது கொடுத்துவிடு, நல்ல டின்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரெங்கம்மா அக்கா வந்து உனக்கு என்று ஒரு பொட்டலம் எள்ளுருண்டை வைத்துவிட்டுப் போகிறாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. போன வாரம் நீ போட்ட படத்தில் பிள்ளை மெலிஞ்சிருக்கான் என்றாள். எத்தனையோ தடவை நானும் பார்த்த படம்தான், எனக்கு அது தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயலெட்சுமி